கேள்வி–பதில்: லாபப் பங்கா, லாபகரமான பங்கா?

கேள்வி: அலுவலகக் கடிதங்களில் லாப, லாபமான, லாபகரமான என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: மூன்றும் தமிழில் உள்ளவைதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ‘லாபப் பங்கு’ என்றால் லாபத்தில் கிடைக்கும் பங்கு. ‘லாபகரமான பங்கு’ என்றால் வாங்கியவருக்கு லாபம் தரும் பங்கு. ‘லாபம்’ என்பதன் ‘ம்’ மறைந்து அடுத்த சொல்லோடு ஒட்டினால் அது எந்த வகை என்று சொல்கிறது. ‘ஆன’ சேர்ந்தால் எப்படிப்பட்டது என்று சொல்கிறது. ஐயம் வந்தால் முன்னால் ‘மிக’ போட்டுப் பாருங்கள். ‘மிக லாபகரமான தொழில்’ நிற்கும். ‘மிக லாபப் பங்கு’ நிற்காது. வணிக வளாகம், வணிகரீதியான வெற்றி என்பவையும் இப்படித்தான். லாபமான என்பது பேச்சுக்குப் போதும், அறிக்கையில் லாபகரமான என்றே எழுதுங்கள்.

ஒற்றெழுத்தையும் கவனியுங்கள். ‘வணிகக் கடன்’ என்பதில் க் மிகும். ‘லாபகரமான கடன்’ என்பதில் மிகாது. டு என முடியும் முதலீடு, காப்பீடு போன்றவை ட் இரட்டித்து முதலீட்டுத் தொகை, காப்பீட்டுத் திட்டம் என்றாகும். ‘முதலீடு திட்டம்’ என்று விளம்பரங்களில் வருவது பிழை.

கேள்வி: மொத்த லாபம், நிகர லாபம் என்ன வித்தியாசம்?

பதில்: விற்பனை 1,00,000, சரக்கின் அடக்க விலை 70,000 என்றால் மொத்த லாபம் 30,000. அதிலிருந்து வாடகை, சம்பளம், வட்டி, வரி எல்லாம் சேர்த்து 22,000 போனால் மிஞ்சும் 8,000 நிகர லாபம்.

உண்மையில் வம்பு ‘மொத்த’ என்ற சொல்லில்தான். மொத்த லாபத்தில் அதற்குப் பொருள் வேறு, மொத்தத் தொகையில் வேறு, மொத்த வியாபாரத்தில் வேறு. ‘இம்மாத மொத்த விற்பனை’ என்று எழுதினால் சில்லறையும் சேர்ந்ததா, மூட்டைக் கணக்கில் விற்றது மட்டுமா என்று படிப்பவர் திகைப்பார். கூட்டுத்தொகைதான் என்றால் ‘இம்மாதம் விற்றதன் மொத்தம்’ என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: வாராக்கடன், வராத கடன் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. இன்னும் கைக்கு வராத எந்தக் கடனும் வராத கடன்தான், நாளைக்கே வரலாம். கணக்குப் பதிவில், வசூலாகாது என்று முடிவுகட்டி நட்டத்தில் எழுதுவதுதான் வாராக்கடன். வருமா வராதா என்று இழுபறியில் இருப்பது ஐயக்கடன்.