கருத்து பிடிக்கிறது, படிக்கத்தான் ஓடவில்லை: செவ்வியல் நாவல்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் வரலாற்றுப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. குறை என்னிடமா?

பதில்: இல்லை. தொடக்கமே 1805ஆம் ஆண்டு விருந்து ஒன்று. ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அத்தனை பேரையும் நினைவில் வைக்கப் பார்ப்பதால்தான் அயர்ச்சி. பியர், ஆந்திரேய் என்ற இரு முக்கியப் பாத்திரங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரசிக்கும் கருத்து இரண்டாம் பின்னுரையில் 12 அத்தியாயங்களுக்குக் கட்டுரையாகவே வருகிறது, அங்கே கதையே கிடையாது. ஆனால் நெப்போலியன் படையும் ரஷ்யப் படையும் மோதும் போரோதினோ சண்டையைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். நெப்போலியன் கட்டளை அனுப்புகிறான். அது போய்ச் சேர்வதற்குள் களத்தில் நிலைமை மாறிவிடுகிறது. தலைவர்கள் வரலாற்றை நடத்துவதில்லை என்பது அங்கே கண்ணெதிரே நடக்கிறது.

கேள்வி: கருத்துதான் வேண்டுமென்றால் சுருக்கம் போதாதா?

பதில்: தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் விஷயத்தில் போதவே போதாது. அசாதாரண மனிதனுக்குச் சட்டத்தை மீற உரிமை உண்டு என்ற நாயகன் ரஸ்கோல்னிகோவின் வாதம் சுருக்கத்தில் கிடைத்துவிடும். அதற்கு நாவல் தரும் மறுப்பு கிடைக்காது. அந்த வாதத்தை நம்பி அவன் செய்யும் கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது, மீதி ஐந்து பாகமும் அதன் பின்விளைவு. திருடிய பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் ஒளித்துவைக்கிறான். அவன் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு செயலில் சரிந்துவிடுகிறது! 1866இல் இதழில் தொடராக வந்த நாவல் இது. ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் பாகம் பாகமாகப் படியுங்கள்.

கேள்வி: ரஷ்யப் பெயர்கள் குழப்புகின்றன.

பதில்: இயற்பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் போக, செல்லப்பெயரும் உண்டு. திமித்ரிதான் மீத்யா, அலெக்ஸேய்தான் அல்யோஷா. ஒரு தாளில் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'மோபி டிக்'கில் திமிங்கில விவரங்களைத் தாண்டலாமா?

பதில்: வகைப்பாடு வரும் 32ஆம் அத்தியாயத்தைத் தாராளமாகத் தாண்டலாம். திமிங்கிலத்தின் வெண்மை ஏன் அச்சுறுத்துகிறது என்று பேசும் 42ஐ விட்டுவிடாதீர்கள், நாவலின் சிந்தனையே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: சலிப்புக்கு மொழிபெயர்ப்பு காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உரையாடல் உள்ள ஒரு பக்கத்தை இரண்டு மொழிபெயர்ப்புகளில் வாய்விட்டுப் படியுங்கள். பேசுவது யார் என்று ஒன்றில் மட்டும் தடுமாறினால் மொழிபெயர்ப்பை மாற்றுங்கள். இரண்டிலும் சலித்தால் அது மூலத்தின் நடை.

கேள்வி: முழுதும் படித்தும் பிடிக்கவில்லை. வெளியில் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. எந்த அத்தியாயத்தில் சலித்தது, எந்தக் கருத்துக்காக மதிக்கிறீர்கள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'மாபெரும் படைப்பு' என்ற பொத்தாம்பொதுவான பாராட்டைவிட அடுத்து படிப்பவருக்கு அதுதான் உதவும்.