கசவுச் சேலை கட்டினால் முகம் மங்கலாகத் தெரிவது ஏன்?

மாநிறம், உயரம் குறைவு, ஓணத்துக்குக் கசவு, அதாவது தங்கச் சரிகைக் கரை போட்ட கேரளச் சேலை, கட்டினால் முகம் மங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி. இங்கே தமிழ் வீடுகளிலும் ஓணத்துக்குக் கசவு கட்டுவது உண்டு.

குறை உங்கள் நிறத்தில் இல்லை, சேலையின் வெள்ளையில். வெளுத்த பளீர் வெள்ளை மாநிறத்தோடு மோதும். சாயமேறாத பருத்தியின் மங்கிய சந்தன நிறம் ஒத்துப்போகும். கடை டியூப் லைட்டை நம்பாதீர்கள். சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். ரவிக்கைக்கு அரக்குச் சிவப்போ மயில்கழுத்துப் பச்சையோ எடுங்கள். தங்க நிறம் வேண்டவே வேண்டாம், கசவோடு போட்டிக்கு நிற்கும். கரை ஒல்லியாக இருந்தால் உயரமாகக் காட்டும்.

ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்து வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். தாடையோரம் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். சில வகை காற்றுப் பட்டதும் கறுக்கும். மற்றபடி கண்மையும் பொட்டும் போதும்.

செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். ஊசி ஹீல் முற்றத்து மண்ணில் புதையும். கட்டை ஹீல், 2 அங்குலத்துக்குள். அதைப் போட்டுக்கொண்டே கொசுவம் வையுங்கள். இல்லாவிட்டால் கரை மேலேறி இன்னும் குட்டையாகக் காட்டும்.