டூ-ஸ்ட்ரோக்கில் பவர் ஏற்ற எதை வாங்குவது? கேள்வி-பதில்

கேள்வி (கொக்குவில்): அண்ணை, என்னிடம் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று நிற்கிறது. ரோட்டுக்கு இல்லை, ரேஸுக்குத்தான் தயார் செய்கிறேன். கடையொன்றில் சேம்பர் பைப், அதுதான் நடுவில் உப்பிய ரேஸ் எக்ஸோஸ்ட் குழாய், காட்டினார்கள். பூட்டினால் 5 குதிரைவலு கூடுமாம். வாங்கலாமா?

பதில்: ஆர்எக்ஸ் 100 புதிதாக வரும்போதே 98 சிசியில், நிமிஷத்துக்கு 7500 சுற்றில், 11 குதிரைவலுதான். பைப்பை மட்டும் மாற்றி அதை 16 ஆக்க முடியாது, தம்பி. அதற்காகப் பைப் வீண் என்றும் சொல்லமாட்டேன். டூ-ஸ்ட்ரோக்கில் பாதி வேலை பைப்புக்குள்தான் நடக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பனியில் வால்டர் காடன் இதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தார். அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பிப்போய்ச் சுசுக்கியில் சேர, அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுசுக்கிக்குப் போனது. அந்த வித்தைக்கு அவ்வளவு மதிப்பு.

வித்தை இதுதான். எக்ஸோஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரம்) திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் பாய்கிறது. விரிகிற கூம்பில் அது பட்டதும் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, கீழேயிருக்கும் புதுப் பெற்றோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டருக்குள் இழுக்கிறது. கடைசியில் இருக்கும் ஒடுங்குகிற கூம்பு அழுத்தத்தைத் திருப்பி அனுப்பி, பைப்புக்குள் தப்பியோடிய கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன் மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறது. இரண்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால்தான் பவர்.

நேரம் என்பதால் கணக்கு வரும். கிராங்கின் முழுச் சுற்றான 360 பாகையில் எக்ஸோஸ்ட் 180 பாகை திறந்திருக்கும் இஞ்சின் 9000 சுற்றில் ஓடினால், அலை போய்வரக் கிடைப்பது ஒரு செக்கனில் முந்நூறில் ஒரு பங்கு. சூடான புகைக்குள் அலை செக்கனுக்கு ஏறக்குறைய 510 மீற்றர் ஓடும். ஆக, பிஸ்டனிலிருந்து ஒடுங்கும் கூம்பின் நடு வரைக்கும் 85 சென்ரிமீற்றர் வேண்டும். அதே இஞ்சினை 7500 சுற்றில் இழுக்க விட்டால் ஒரு மீற்றரைத் தாண்டிவிடும். அதனால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பைப் எத்தனை சுற்றுக்கு அடித்தது? போர்ட் எத்தனை பாகை திறக்கும் இஞ்சினுக்கு? பதில் வராவிட்டால் அது பளபளப்புக்கு விற்கிற பைப். வால்குழாயையும் பாருங்கள். அது அளவுக்கு மீறி ஒடுங்கியிருந்தால் சூடு உள்ளே தேங்கிப் பிஸ்டனை உருக்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் கிராங் சீல்களை (கிராங் தண்டின் இரு பக்கமும் காற்றுப் போகாமல் அடைக்கும் வளையங்கள்) மாற்றுங்கள். பழைய இஞ்சினில் சீல் வழியே காற்று உறிஞ்சும், கலவை மெலியும், பிஸ்டன் ஓட்டையாகும். பைப்பின் விலையோடு பார்த்தால் சீல் சில்லறைக் காசு. இன்டேக்கையும் எக்ஸோஸ்டையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்ல 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். அந்த அழுத்தம் சில நிமிஷம் இறங்காமல் நிற்கவேண்டும். அழுத்தம் நிற்காத இஞ்சினுக்கு எந்தச் சாமானும் வாங்காதீர்கள்.

கேள்வி (சுன்னாகம்): போர்ட் அராவித் தருகிறேன், சிலிண்டரை விட்டுவிட்டுப் போ என்கிறார் மெக்கானிக். நல்ல காசு கேட்கிறார். வேலை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கொடுப்பதற்கு முன் அளந்து வையுங்கள். மெல்லிய கடதாசியைச் சுருட்டிச் சிலிண்டருக்குள் விட்டு, போர்ட் விளிம்புகளை விரலால் அழுத்தித் தேயுங்கள். போர்ட்டின் வடிவம் அப்படியே அச்சாகப் பதியும். வேலை முடிந்த பிறகு இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெட்டினார் என்று தெரிந்துவிடும்.

50 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஓடும் தூரம்) எக்ஸோஸ்டின் மேல் விளிம்பை 1 மில்லிமீற்றர் உயர்த்தினால், திறந்திருக்கும் அளவு நாலைந்து பாகை கூடும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பவர் மேல் சுற்றுக்கு நகர்ந்து, கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். அகலத்தில் இன்னும் கவனம் வேண்டும். உள்விட்டம் (போர்) 50 மில்லிமீற்றரான சிலிண்டரில், நடுவில் தடுப்பில்லாத போர்ட் 32, 33ஐத் தாண்டினால் ரிங் அதில் பிதுங்கிச் சிக்கத் தொடங்கும். வெட்டிய விளிம்பைச் சாய்த்து மழுக்கியிருக்கிறாரா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் ரிங்கும் சிக்கும்.

எத்தனை பாகைக்கு வெட்டப் போகிறார் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஃபுல் போர்ட்டிங்" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. கிராங்கில் பூட்டிப் பாகை அளக்கும் தட்டு இல்லாமல் கண்ணளவில் வெட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் சிலிண்டரைக் கொடுக்கமாட்டேன்.

கேள்வி (மானிப்பாய்): 95 பெற்றோல் அடித்தால் பவர் கூடுமா?

பதில்: கூடாது. ஒக்டேன் என்பது இஞ்சின் தட்டாமல் தாங்குகிற அளவு மட்டும்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. இஞ்சின் எப்படித் தட்டும் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஹெட்டைக் கடைந்து கம்பிரஷன் ஏற்றியிருந்தால்தான் 95 தேவை. கடைவதற்கு முன் பிளக் துவாரத்தால் ஈயக் கம்பியை விட்டு, பிஸ்டனை மேலே ஏற்றி நசுக்கி, நசுங்கிய நுனியை அளந்து பாருங்கள்; அதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி. இந்தச் சைஸ் இஞ்சினுக்கு 1 மில்லிமீற்றர் அளவில் நின்றால் நல்லது.

கேள்வி (பருத்தித்துறை): ஜப்பான் மிக்குனி என்று சொல்லி 28 மில்லிமீற்றர் காபரேற்றர் ஒன்றை விற்றார்கள். போலி போலிருக்கிறது, ஐட்லிங்கே நிற்கவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: பில் இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் கடமை. பில்லில் "மிக்குனி" என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தொலைபேசி 1977. பெட்டியையும் பழுதையும் படமெடுத்து வையுங்கள். காபரேற்றரை அராவவோ துளை பெருப்பிக்கவோ வேண்டாம். கை வைத்ததும் கடைக்காரருக்குச் சாட்டு கிடைத்துவிடும்.

ஒன்று கேட்கட்டுமா, 28 எதற்கு? போர்ட்டும் பைப்பும் பழையபடி இருக்கும் 100 சிசிக்கு அது பெரிது. காற்றின் வேகம் குறைந்து கீழ்ச் சுற்றில் பெற்றோலைச் சரியாக இழுக்காது. ஐட்லிங் நிற்காததில் போலிக்கு எவ்வளவு பங்கு, சைஸுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 24 போதும்.

எந்தக் காபரேற்றர் என்றாலும் மெயின் ஜெட்டைப் (பெற்றோல் அளவாகப் போகும் துளையுள்ள திருகு) பெரிதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சின்னதாக்குங்கள். பெற்றோல் கூடினால் பிளக் கறுக்கும், இஞ்சின் இருமும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் போய்விடும். அப்புறம், யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருக்கிறது. இங்கே சரிபார்த்த ஜெட்டோடு தியத்தலாவைக்கு ரேஸுக்குப் போனால், 1200 மீற்றருக்கு மேலே காற்று மெல்லியது, கலவை தடித்து இஞ்சின் மந்தமாகும். சின்ன ஜெட் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் பழைய ஜெட்டைப் பூட்டாமல் முறுக்காதீர்கள்.

கேள்வி (நல்லூர்): 2டி ஒயில் கூடக் கலந்தால் இஞ்சினுக்குப் பாதுகாப்புத்தானே?

பதில்: ஓரளவுக்குத்தான். ஒயில் கூடினால் அதே ஜெட்டுக்குள்ளால் போகும் பெற்றோல் குறையும், கலவை மெலியும். ரேஸுக்கு 30க்கு 1 என்று ஒரு கணக்கைப் பிடித்து, ஜெட்டை அதற்குச் சரிசெய்து, அதையே வைத்திருங்கள். ஒயில் போத்தலில் ஜப்பான் தரக் குறியான ஜாசோ எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள். கடையில் உதிரியாக அளந்து ஊற்றித் தருகிற ஒயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.