நண்பரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

முதலில் அணிந்துரையையும் பின்னட்டையையும் படிக்காமல் நேராகக் கவிதைக்குள் போய்விடுங்கள். மூத்த கவிஞர் அன்பின்பேரில் எழுதித் தந்த அணிந்துரையில் எந்த நாலு கவிதை மேற்கோளாக வந்ததோ, பிறகு வருகிற மதிப்புரைகளிலும் அதே நாலுதான் சுற்றிச் சுற்றி வரும். நடுப்பக்கத்தில் கிடக்கும் நல்ல கவிதையை ஒருவரும் சீண்டுவதில்லை.

ஒரு கவிதைமேல் சந்தேகம் வந்தால் மடக்கிய வரிகளை நீட்டி எழுதிப் பாருங்கள். நானே இட்டுக்கட்டிய ஒன்று: 'அம்மா / மடித்து வைத்த / சேலையில் / இன்னும் / அம்மா.' ஒரே வரியாக எழுதினாலும் இதே அளவுதான் கிடைக்கிறது. 'இன்னும்' என்பதைத் தனியே நிறுத்தி நம்மை உருகச் சொல்கிறது கவிதை, அவ்வளவே. எந்தச் சேலை, எப்போது மடித்தது, யார் பிரித்தார்கள்? எதுவும் இல்லை. அந்த அம்மா யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். இதை இப்படியே மதிப்புரையில் எழுதலாம். 'உணர்வுபூர்வமான வரிகள்' என்று எழுதினால் கவிஞருக்கும் பயனில்லை, வாசகருக்கும் பயனில்லை. பிடித்த கவிதை இருந்தால் ஒன்றையாவது முழுசாகக் கொடுங்கள். வாசகர் உங்களோடு சண்டை போட அதுதான் வழி.

பிறகு, தொகுத்த விதம். ஃபேஸ்புக்கில் போட்டதையெல்லாம் அள்ளி 96 பக்கத்தை நிரப்பும் வழக்கம் பெருகிவிட்டது. பத்து மழைக் கவிதை இருந்தால் எட்டை நீக்கியிருக்கலாம் என்று சொல்வதும் விமர்சனம்தான். விமர்சகர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, அதில் வந்த கவிதைகளிலிருந்து 24 பேருடைய 63 கவிதைகளை மட்டும் பொறுக்கி 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். விமர்சகர் தொகுத்தால் அப்படி இருக்கும்! 32 பக்கச் சிறுநூல் என்றால் இந்தப் பிரச்சினை குறைவு. அதற்கு இரண்டு கவிதையை நன்றாகப் பிரித்துப் பேசினாலே போதும்.

நண்பராயிற்றே என்று கை நடுங்கினால் எழுதாதீர்கள், போனில் பேசிவிடுங்கள். எழுதுவதானால் நண்பர் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். 'பிரகாசமான எதிர்காலம் உண்டு' என்று மட்டும் முடிக்க வேண்டாம், அது பள்ளி ஆண்டுவிழாவில் சொல்வது.

பதிப்பகம், பக்கம், விலை போட மறக்காதீர்கள். மதிப்புரையைப் படித்துவிட்டுப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அலைபவர்களில் நானும் ஒருவன்.