நிஜத் தங்கப் பெட்டகம் சினிமாவில் வருவது போல இருக்குமா?

இருக்காது. பெட்டகம் என்பது தங்கக் கட்டிகளை அடுக்கிப் பூட்டி வைக்கும் அறை, அவ்வளவுதான். சினிமாவில் பொய்யாகக் காட்டப்படுவது முக்கியமாக எடைதான்.

உலகச் சந்தையில் புழங்கும் பெரிய கட்டி ஒன்று சுமார் 12.4 கிலோ. இங்கே டர்பனில் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பாருங்கள், அதைவிடக் கனம். ஆனால் அளவு முக்கால் லிட்டர் பாலுக்கும் குறைவு! காரணம், தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு அடர்த்தி. பள்ளிக்கூடப் பை அளவு, அதாவது 20 லிட்டர், நிரப்பினால் 380 கிலோவுக்கு மேல். கதாநாயகன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான், பாவம்.

லண்டனில் இங்கிலாந்து வங்கி களிமண் நிலத்தின் மேல் நிற்பதால், கட்டிகளை உயரமாக அடுக்குவதில்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் பெட்டகமோ தெருவுக்கு 24 மீட்டர் கீழே, பாறையில். அங்கே சக்கரம் வைத்த வட்டக் கதவு கிடையாது. 90 டன் எஃகு உருளை ஒன்று சுழன்று வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே தங்கம் இருக்கும் சிறு அறைகளைத் தனி ஆளாகத் திறக்கவும் முடியாது, மூன்று பேர் வேண்டும். கட்டி காலில் விழுந்தால் என்ன ஆவது? ஊழியர்கள் மக்னீசியக் காலணி உறை போடுகிறார்கள்.

அப்புறம், அங்கே இருப்பதெல்லாம் அமெரிக்காவின் தங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேறு நாடுகளுடையது. வங்கி வெறும் காவல்காரன்.