பாட்டுக் கேள்வி-பதில்: இரண்டு குரல், ஒரே பாடம்

கர்நாடக இசைப் பாடகிகள் பிருந்தா – முக்தா சகோதரிகளுக்கும் நம்ம வடசென்னை ஏரியாவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? பிருந்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகி, மண்ணடி

உண்டு. அவர்களுடைய பாட்டி வீணை தனம்மாளின் வீடு ஜார்ஜ் டவுனில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே அங்கே வந்து உட்காருவார்கள். தனம்மாளின் மகள் காமாட்சிக்குப் பிறந்தவர்கள் பிருந்தா (1912), முக்தா (1914), வயலின் வாசித்த அபிராமசுந்தரி. நாட்டியமாடிய பாலசரஸ்வதி இவர்களுக்குப் பெரியம்மா மகள்.

பிருந்தாவின் பாட்டில் இரண்டு பள்ளிகள் கலந்திருக்கின்றன. பதம் (மெதுவாகப் பாடும் காதல் பாட்டு), ஜாவளி (சற்று வேகமான காதல் பாட்டு), தீட்சிதர் கீர்த்தனைகள் வீட்டுச் சொத்து. லயக்கட்டு, அதாவது தாளப் பிடிப்பு, காஞ்சிபுரம் நைனா பிள்ளையிடம் கற்றது. (நைனா பிள்ளையின் தாயும், தாயின் சகோதரி தனகோடி அம்மாளும் அந்தக் காலத்திலேயே சேர்ந்து பாடிப் புகழ் பெற்றவர்கள்.) எம்.எஸ். சுப்புலட்சுமி, செம்மங்குடி, ராம்நாடு கிருஷ்ணன் போன்றவர்களே பிருந்தாவிடம் பதம் பாடம் செய்துகொண்டார்கள். 1976-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது வழங்கியது. பிற்காலத்தில் மகள் வேகவாஹினியோடு பாடினார். 1996-ல் பிருந்தாவும் 2007-ல் முக்தாவும் காலமானார்கள்.

பதம் பாடுவது இரண்டு பேருக்கு ஏன் அவ்வளவு கஷ்டம்? நானும் என் தங்கையும் கீர்த்தனை நன்றாகவே பாடுகிறோம்.
– வாசகி, பெரம்பூர்

வேகம் இருந்தால் சின்ன வித்தியாசம் காதுக்கு எட்டாமல் போய்விடும். பதத்தில் அந்தச் சலுகை இல்லை. விளம்ப காலத்தில் (மெதுவான நடையில்) ஒரே எழுத்து வெகுநேரம் நிற்கும், அதன்மேல் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) ஓடும். அக்கா மூன்று அசைவு கொடுத்து, தங்கை இரண்டே கொடுத்தால், இருவரும் சுருதியில் இருந்தும் சபைக்கு அபஸ்வரமாகத்தான் கேட்கும். பிருந்தா – முக்தா பதிவுகளில் கவனிக்க வேண்டியது இதைத்தான். குரல் ஒன்றாக இருப்பதைவிட அசைவு ஒன்றாக இருப்பது முக்கியம்.

ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். முதலில் அந்த வரியை ஸ்வரமாகப் பாடுங்கள். பிறகு அகாரம் ('ஆ' என்று மட்டும்), கடைசியில்தான் சாகித்தியம் (பாட்டின் சொற்கள்). மூச்சு எடுக்கும் இடங்களை நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பதங்களில் பெரும்பாலானவை தெலுங்கு. சொல்லின் நடுவில் மூச்சு உடைந்தால் பொருளே கெட்டுவிடும், ஆகவே அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு குறியுங்கள். தெலுங்குக் கவிஞர் க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் பலவற்றை அனுபல்லவியில் (பாட்டின் இரண்டாம் பகுதியில்) தொடங்கிப் பாடும் வழக்கம் உண்டு. யார் எங்கே எடுப்பது என்பதை மேடைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

மூத்த பெண்ணுக்கு 14 வயது, ஐந்தரைக் கட்டை (சுருதியின் உயர அளவு). சின்னவளுக்கு 11 வயது, ஆறரை. எந்தச் சுருதியில் சேர்ந்து பாடவைப்பது?
– வாசகர், கொளத்தூர்

சின்னவளைக் கீழே கொண்டுவாருங்கள், மூத்தவளை மேலே தள்ளாதீர்கள். தாரஸ்தாயிக்கு (மேல் ஸ்வரங்களுக்கு) எக்கினால் தொண்டை இறுகிப் பஞ்சமம் ('ப') சுருதி குறைந்து தொங்கிவிடும். அந்த வயதில் அது பழக்கமாகிவிட்டால் விடுவிப்பது பெரும்பாடு. ஐந்தரையில் சின்னவள் மந்திர தைவதம் (கீழ் ஸ்தாயியின் 'த') வரை கேட்கும்படி பாடினால் அதையே வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே வரும் இடங்களை மூத்தவள் தனியாகப் பாடட்டும். தைவதமே எட்டவில்லை என்றால், மூத்தவள் தார பஞ்சமத்தைச் சிரமமில்லாமல் தொடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு, இப்போதைக்கு ஆறு கட்டை. வளர வளரக் குரல் சற்று இறங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதியுங்கள்.

சேர்ந்து பாடும்போது என் தங்கை ஒரு இம்மி பிந்தியே வருகிறாள். தனியாகப் பாடினால் சரியாக இருக்கிறது.
– வாசகி, தண்டையார்பேட்டை

அவள் தாளத்தைப் பிடிக்காமல் உங்கள் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பாடுவதால்தான் அந்த இம்மி. இருவரும் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்து, தனித்தனியே தாளம் போட்டுக்கொண்டு, ஒரு வர்ணத்தை (பயிற்சிக்கும் கச்சேரித் தொடக்கத்துக்கும் பாடும் உருப்படி) இரண்டு காலத்தில் (வேகத்தில்) பாடுங்கள். சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்குவது எளிது. அரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டின் தொடக்கம்) வரும் உருப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நீங்கள் எடுத்தால் மறுநாள் அவள் எடுக்கட்டும். எப்போதும் அக்காவே எடுத்தால் இந்தக் குறை தீரவே தீராது.

இன்னொன்று: ஒரே தம்புராவை ஓடவிட்டு, அதே பாட்டை இருவரும் தனித்தனியாகப் போனில் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்தச் சங்கதி (ஒரே வரியின் மாற்று வடிவம்) யாரிடம் மாறியிருக்கிறது, கடைசி எழுத்தை யார் முன்னதாக விட்டுவிடுகிறார் எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

கல்பனாஸ்வரத்தில் (அந்த நேரத்திலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) முதலில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), பிறகு ஒன்று, அரை, கால் என்று குறைத்து வாருங்கள். முடிவில் இருவரும் சேர்ந்து பாடும் கோர்வை (முடிப்பு ஸ்வரக் கட்டு) எழுதி மனப்பாடம் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். அங்கே இருவரும் கற்பனை செய்யப் போய்த்தான் பல கச்சேரிகள் சமத்தில் இடறுகின்றன.

திருவொற்றியூர்க் கோயில் விழாவில் நாங்கள் சகோதரிகள் இருவர் பாடுகிறோம். என்ன பாடலாம்? மைக் எப்படி வைப்பது?
– வாசகி, திருவொற்றியூர்

ஆளுக்கு ஒரு மைக் கேளுங்கள், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். குரல் சன்னமானவர் இன்னும் நான்கு விரல் நெருங்கலாம். தெருவில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரின் சத்தம் உங்கள் காதுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும், அதைக் கேட்டுப் பாடினால் காலம் இழுக்கும். ஒரு சின்ன ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் நெருங்கி உட்கார்ந்து, எலக்ட்ரானிக் தம்புராவை இருவருக்கும் நடுவில் வையுங்கள்.

பாட்டுகளை வெளியே தேட வேண்டியதில்லை. அந்தக் கோயிலின் அம்மன் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் இருக்கின்றன, அவற்றின் ராகங்கள்: சுத்தசாவேரி, ஆரபி, கல்யாணி, பேகடை, சாவேரி. 'தாரினி தெலுசுகொண்டி' சுத்தசாவேரி. அதில் காந்தாரமும் ('க') நிஷாதமும் ('நி') கிடையாது, இரண்டு குரல் பளிச்சென்று சேரும். சங்கதிகளின் வரிசையை மட்டும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சாவேரியின் காந்தாரம் இயல்பான அந்தர (உயர்ந்த) காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். அந்த அளவு இருவருக்கும் ஒன்றாகும் வரை அந்தக் கீர்த்தனையை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.