தலை சாய்ந்த முயலை வீட்டுக்கு எடுக்கலாமா?

கேள்வி: கொழும்பில் விலங்குக் காப்பகம் ஒன்றில், தலை இடப்பக்கம் சாய்ந்தபடியே இருக்கும் இரண்டு வயது முயலைப் பார்த்தோம். நோய் மாறிவிட்டது, சாய்வு மட்டும் நிலைத்துவிட்டது என்கிறார்கள். எட்டு வயது மகள் அதையே கேட்டு அடம்பிடிக்கிறாள். வருத்தக்கார முயல் வேண்டாம் என்று மாமி மறிக்கிறார். எங்களுடையது தகரக் கூரை வீடு. என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் குறிப்பிட்ட தகரக் கூரையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த முயலுக்குக் கழுத்துச் சாய்வைவிடத் திருகோணமலை வெயிலே பெரிய ஆபத்து. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடல் வெப்பத்தைப் பெரிதும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுவதால், 30 பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் அது விரைவில் தளர்ந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரத்தின் கீழ் மத்தியானம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிழலும் காற்றோட்டமும் மின்விசிறியும் உள்ள, வெக்கை இறங்காத அறை ஒன்றை ஒதுக்க முடியாவிட்டால், மகள் அழுதாலும் மறுத்துவிடுங்கள்.

அறை உண்டென்றால், அடுத்து மாமியின் அச்சத்தைப் பார்ப்போம். அதை வெறும் பயமென்று நான் ஒதுக்க மாட்டேன். இத்தகைய சாய்வுக்கு வழமையான காரணங்கள் இரண்டு: ஒன்று உட்காதில் ஏற்படும் பக்டீரியாத் தொற்று, மற்றது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்செஃபாலிட்டோசூன் கியூனிகுலி என்ற நுண்ணுயிர். பின்னையதற்கு வழக்கமாக ஃபென்பெண்டசோல் மருந்தை 28 நாட்கள் கொடுப்பார்கள். எது காரணம், என்ன மருந்து, எத்தனை நாள் என்பதைக் காப்பகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நுண்ணுயிரின் வித்திகள் முயலின் சிறுநீரில் வெளியேறும். நல்ல தேகநிலையில் உள்ளவர்களுக்கு அதனால் ஆபத்து மிகக் குறைவு என்றாலும், புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர் வீட்டில் இருந்தால், முதலில் அவருடைய வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பராமரிப்பு நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணமானது, ஆனால் ஒரு நாளும் விட முடியாதது. திடுக்கிட்டால் இவ்வகை முயல் நிலைதடுமாறி உருளும். ஆகவே வழுக்கும் தரையில் விரிப்பும், கூட்டின் ஓரங்களில் சுருட்டிய துவாய்களும் வேண்டும். தண்ணீரைப் போத்தலில் தொங்கவிடாமல், கவிழாத பாரமான தட்டில் வையுங்கள். கீழ்ப்பக்கமாக இருக்கும் கண் தரையில் உரசிப் புண்படலாம் என்பதால் அதைத் தினமும் பார்க்க வேண்டும். உணவில் பெரும்பகுதி புல்லாக இருக்கட்டும், கினிப்புல் நல்லது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், புல்லை அரைத்து அரைத்தே அவை தேய வேண்டும். கரட்டும் வாழைப்பழமும் சிறு துண்டுகளாக மட்டுமே. பாணும் பிஸ்கட்டும் கூடவே கூடாது.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றிருக்கக்கூடும்; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மகளுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் பாணியைக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். வாய்வழி கொடுக்கும் அந்த மருந்து முயலின் குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களை அழித்து உயிரையே பறிக்கலாம். முயலை எடுப்பதற்கு முன்பே, உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் முயலுக்கு வைத்தியம் பார்ப்பவரா என்று விசாரித்து வையுங்கள். கொழும்பிலிருந்து கொண்டுவருவதை இரவுப் பயணமாக வைத்துக்கொள்வது நல்லது.

முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழக்கூடியது என்பதால், பொறுப்பு மகளுடையதல்ல, உங்களுடையதே. கையெழுத்திடுமுன் காப்பகத்திலேயே ஒரு பிடி புல்லைக் கொடுத்து, அது தானாகத் தின்று முடிக்கிறதா என்று பாருங்கள். சிரிஞ்சினால் ஊட்ட வேண்டிய நிலையென்றால், பகலில் வீட்டில் யார் இருப்பார் என்பதை மாமியோடும் பேசி முடிவுசெய்த பிறகு பதில் சொல்லுங்கள்.